டங்ஸ்டன் படாத இரும்பு

சனிக்கிழமை காலை தகப்பனும் மகனும் ஓர் இரும்புக் கட்டியை அறுத்துக்கொண்டிருந்தார்கள். மகன் தவராசா இரும்பறுக்கும் வாளை இழுக்க, தகப்பன் இரத்தினசிங்கம் தண்ணீர் ஊற்றினார். தம்பலகாமத்து வயல் ஒன்றில் கலப்பையில் மாட்டி வந்த கட்டி அது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த இரத்தினசிங்கம், அதன்மேல் தகடுகளை வைத்து வருடக்கணக்காக அடித்தார். வெளிநாட்டில் விண்கற்களை ஆராயும் மகன் 2006இல் லீவில் வந்தபோதுதான் அது ஒரு விண்கல் என்று தெரிந்தது.

"டிரில்லால துளைச்சுப் பிளந்தா முடியிற வேலை. என்னத்துக்கடா இந்தச் சித்திரவதை?"

"டிரில் நுனியில டங்ஸ்டன் இருக்கு அப்பா. அது பட்டா இந்த இரும்பின்ர வயசுக் கணக்குப் பிழைச்சுப் போயிடும். இந்த வாள் வெறும் உருக்கு."

தவராசா விளக்கினான். சூரியக் குடும்பம் பிறந்த புதிதில் சிறு கோள்கள் உருகின. கனத்த இரும்பு அடியில் இறங்கிக் கருவானது. டங்ஸ்டன் இரும்போடு போனது; ஹஃப்னியம் கல்லில் நின்றது. அந்த ஹஃப்னியத்தில் ஒரு வகை சிதைந்து டங்ஸ்டன்-182 ஆகிக்கொண்டிருந்தது. முந்திப் பிரிந்த இரும்புக்கு 182 குறைவாகத்தான் கிடைத்திருக்கும். அந்தக் குறைவை அளந்தால் கரு பிரிந்த காலம் தெரியும். பிறகு கோள்கள் மோதி உடைந்து, கருவே துண்டுகளாகச் சிதறியது.

"அங்கயும் அடிபாடுதானோ?" இரத்தினசிங்கம் சிரித்தார். தொண்ணூறாம் ஆண்டுப் போரில் பிடிபட்டு, இடது பெருவிரல் நகம் இல்லாமல் திரும்பி வந்த மனிதர்.

மத்தியானம் மகன் சாப்பாடு எடுக்க வீட்டுக்குப் போனான். அந்த நேரம் சந்தியில் கண்ணிவெடி வெடித்தது. சுற்றிவளைத்த ஆயுதக்காரர்கள் பட்டறைக்குள் புகுந்தார்கள். வாசலில் முழங்காலில் நிறுத்தப்பட்டிருந்த பக்கத்துக் கடைத் தாஹிர்தான் நடந்ததைப் பிறகு சொன்னார்.

"இது என்ன?"

"வானத்தில இருந்து விழுந்த இரும்பு, ஐயா."

"வானத்தில இருந்து குண்டு போடுறது நாங்கதான்," என்று ஒருவன் சிரித்தான். "உள்ளே வெடிமருந்து. துளைச்சுக் காட்டு."

"ஏலாது ஐயா. வாளால அறுத்துக் காட்டுறன்."

துவக்குப் பிடி வாயில் விழுந்தது. பற்கள் தெறித்தன. டிரில்லைக் கையில் திணித்தார்கள். அவர் வயரைப் பிடுங்கி எறிந்தார். மறுப்பவன் எதையோ ஒளிக்கிறான் என்று முடிவுகட்டி, நெஞ்சில் சுட்டார்கள். பிறகு தாங்களே துளைத்தார்கள். உள்ளேயும் இரும்புதான் இருந்தது.

துளை விழுந்த பக்கத்தை அறுத்து எறிந்துவிட்டு, மறுமுனையை அமிலத்தில் கழுவினால் போதும். ஒரு துளையால் எதுவும் கெட்டிருக்காது. தவராசா இதைத் தகப்பனுக்குச் சொல்லியிருக்கவில்லை.

அடுத்த வருடம் ஆண்டுத்திவசத்துக்கு அவன் வந்தபோது கையில் விடை இருந்தது: சூரியக் குடும்பம் தொடங்கிப் பத்து லட்சம் ஆண்டுகளுக்குள் அந்தக் கரு பிரிந்திருந்தது. பட்டறையைத் திறந்துகொண்டிருந்தவனிடம் இறக்கக்கண்டி மீனவர் அஸீம் தயங்கித் தயங்கி வந்தார்.

"தம்பி, என்ர நங்கூரம் உள்ளுக்குக் கிடக்கு. அந்தச் சனிக்கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு, உடைஞ்சதை வெல்டிங்கில ஒட்டிக் கொண்டு வாறன் எண்டு அப்பா சொன்னவர். இவ்வளவு நாளும் கேக்க வாய் வரல்ல."

மூலையில் அது இரண்டு துண்டாகக் கிடந்தது.