இரண்டு படங்களுக்கு நடுவே

ராயபுரம் பரசுராமனுக்கு எது கோணலாக இருந்தாலும் கண் உறுத்தும். துறைமுகத்தை ஒட்டிய ஒரு பட்டறையில் ஃபிட்டர் வேலை. படித்தது ஐந்தாம் வகுப்புவரை. இயந்திரம் ஒன்றைத் தரையில் பொருத்தும்போது, மட்டம் பார்க்கும் ரசமட்டத்தின் குமிழி நடுவுக்கு வரும்வரை அடியில் மெல்லிய தகடுகளைச் செருகிக்கொண்டே இருப்பான். சரிசெய்த பிறகுதான் அளவெடுப்பான். "பரசு கை வெச்சா நேரா கீது" என்று மேஸ்திரி சொன்னதை வீட்டில் அடிக்கடி சொல்லிக்காட்டுவான்.

வீட்டில் கேட்க இருந்தவள் தங்கை வேம்பு மட்டும்தான். தாய் தகப்பன் போனபின் அவளை வளர்த்தவன் அவனே. அவள் பாவாடை ஒரு பக்கம் ஏறி நிற்பதை முதலில் கவனித்ததும் அவனே. முதுகெலும்பு வளைகிறது என்றார்கள் ஆஸ்பத்திரியில். எழுபத்துநான்காம் ஆண்டுக் கோடையில், கழுத்தடியிலிருந்து இடுப்புவரை மாவுக்கட்டோடு அவள் வெந்துகொண்டிருந்தாள்.

கட்டு மாற்றும் நாளில் பழையதை அறுத்தெடுத்தார்கள். டாக்டர் சௌக்கத் அலி வளைவை அளக்கப் புதுமுறை ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தார்.

"எலும்பு பக்கவாட்டுல மட்டும் வளையல. ஈரத்துணியைப் பிழியற மாதிரி முறுக்கிக்குது. ஒரு எக்ஸ்ரேல முறுக்கு சரியாத் தெரியாது. ரெண்டு கோணத்துல எடுத்து, சேர்த்துக் கணக்குப் போடணும். ரெண்டு படத்துக்கும் நடுவுல அசையாம நில்லும்மா."

முதல் படம் எடுத்தாயிற்று. எக்ஸ்ரே எடுப்பவர் தகடு மாற்ற உள்ளே போனார். பரசுராமன் தங்கையைப் பார்த்தான். இடது தோள் இறங்கி இருந்தது. அந்தப் படத்தைப் பெரிய டாக்டர்கள் எல்லாம் பார்ப்பார்களே என்று அவனுக்குத் தோன்றியது.

"கோணிக்கினு நிக்கிறியே, வேம்பு."

"அசையக் கூடாதுன்னாரே, ண்ணா."

"நான் கீறேன் இல்ல? சும்மா நில்லு."

தோளைத் தூக்கினான். இடுப்பை இரண்டு விரலால் உள்ளே தள்ளினான். இரண்டாவது படமும் எடுத்தாயிற்று.

கணக்குப் போட்ட டாக்டர் முகம் மலர்ந்தார். "நல்லா குறைஞ்சிருக்கு. இனிமே கட்டு வேண்டாம்."

வேம்பு குழாயடியிலேயே குடியிருந்தாள். குடம் குடமாக ஊற்றிக்கொண்டாள். தரையில் குப்புறப் படுத்து உருண்டாள். "இன்னாடி, ஓடு கயட்டுன நண்டு மாரி திரியறே!" என்றாள் பக்கத்து வீட்டுக் கெங்கம்மா. "உனுக்கு இன்னா பேஜாரு? நண்டாவே இருந்துக்கினு போறேன்!" என்று வேம்பு சிரித்தாள்.

ஒரு நாள் அவள் கோலம் போடக் குனிந்தபோது பரசுராமன் பின்னால் நின்றிருந்தான். வலது விலா முன்புபோலவே மேடிட்டுத் தெரிந்தது. எலும்பின் வளைவு குறையவில்லை, படத்தில் அதைக் குறைத்துக் காட்டியது தன் கைதான் என்று அவனுக்கு அப்போதே புரிந்துவிட்டது. ஆனால் அவள் சிரிப்பு காதில் விழும்போதெல்லாம் வாய் கட்டிப்போயிற்று. இன்னும் வளர்கிற பெண். வளர வளர முறுக்கும் ஏறும். சொன்னால் அவளை மறுபடி மாவுக்குள் அடைக்க வேண்டும். சொல்லாவிட்டால் அவள் ஆயுசுக்கும் கூனிப்போவாள்.

அரைநாள் விடுப்பு போட்டு டாக்டரிடம் போனான். சொல்லி முடிக்கும்வரை தலையைத் தூக்கவில்லை.

டாக்டர் திட்டவில்லை. "ஒரே ஆள் ஒரே மாதிரி நின்னாத்தான் கணக்கு. நீங்க தோளைத் தூக்கினதும் அது வேற ஒருத்தியோட முதுகா ஆயிடுச்சு. எனக்கும் சந்தேகம் வந்திருக்கணும். நல்ல சேதியா இருந்துது, நம்பிட்டேன்."

மறுபடி படம் எடுத்தபோது பரசுராமன் தானாகவே வெளியே போய் நின்றுகொண்டான். வளைவு குறையவில்லை, கொஞ்சம் கூடியே இருந்தது. புதுக்கட்டு போட்டார்கள்.

பஸ்ஸில் வேம்பு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அன்னிக்கே வாய மூடிகினு, கையக் கட்டிகினு நின்னிருந்தா இன்னா?"

"தப்புதாம்மா."

"எனுக்கு அந்தத் தண்ணியக் காட்டாமயாவது இருந்திருப்பே."

அதன்பின் அவள் பேசவில்லை. சோறு போட்டாள், தட்டை எடுத்தாள், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை புழுக்கத்தில் துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவிக்கொண்டு வந்தாள். அவன் கையில் திணித்துவிட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அவன் கட்டுக்கும் தோலுக்கும் நடுவே குச்சியை மெல்ல விட்டான்.

"அங்க இல்ல. கீய."

"இங்கயா?"

"நீயா இஷ்டத்துக்குப் போவாத. நான் சொல்ற எடத்துல சொறி."

அவள் சொன்ன இடத்திலேயே அவன் சொறிந்துகொண்டிருந்தான்.