தாஸண்ணனுக்கு போன் செய்த டாக்டர்

சகலருக்கும் ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவிப்பது: என் பைசெப்ஸ் இந்த வாரம் அரை இஞ்ச் இளைத்துவிட்டது.

...சரி, நிஜ நியூஸ் அது இல்லை. அதை டைப் பண்ணக் கை வரவில்லை, அதான்.

தாஸண்ணன் போய்விட்டார். பங்காருபாளையம் மாங்காய் மண்டியில், எங்கள் நைனாவின் கமிஷன் கடையில் லோடு தூக்குபவர். திடீர் நெஞ்சுவலி... ஆஸ்பத்திரி வாசல் வரைகூடப் போய்ச் சேரவில்லை.

நான் ஜிம்மில் சேர்ந்த புதிதில் அவரிடம் கையை முறுக்கிக் காட்டுவேன். ஒரு விரலால் அழுத்திப் பார்த்து, "இது தூக்கறதுக்கா, போட்டோவுக்கா?" என்பார்.

ஒல்லி மனுஷன். நான் ஒரு மாங்காய் கிரேட்டுக்கே மூச்சு வாங்குவேன். அவர் இரண்டைத் தலையில் வைத்துக்கொண்டு கதை பேசிக்கொண்டே போவார்.

அவருக்கும் ஒரு பயம் இருந்தது. மகள் எஸ்தரை ஒன்பதாவதில் பி.டி. மேடம் வெயிட்லிஃப்டிங்குக்கு எடுத்தார்கள். இவர் ஃபாரத்தில் கையெழுத்துப் போடமாட்டேன் என்றார்.

"வெயிட்டு தூக்கினா பொண்ணு வளராது. என்னப் பாரு, எட்டு வயசுலேந்து தூக்கிக்கினு கீறேன். எங்க வளந்தேன்?"

உங்க நைனாவும் குள்ளம்தானே என்று கேட்டேன். அவரும் மூட்டை தூக்கினவர்தான் என்றார். எஸ்தர் மூன்று நாள் அழுதாள்.

ஆகவே நான் டாக்டர் ஆனேன். ஃப்ரெண்டு நம்பரிலிருந்து அவரைக் கூப்பிட்டு, குரலைத் தடிமனாக்கி, தெலுங்கு கலந்து, திருப்பதி ஸ்போர்ட்ஸ் டாக்டர் என்றேன். முறையாகக் கற்றுக்கொண்டு தூக்கினால் வளர்த்தி நிற்காது, உயரம் பரம்பரையாக வருவது, இப்படி ஐந்து நிமிஷம்.

பணிவாக "சரிங்க டாக்டர்" என்றார். அந்த வாரமே கையெழுத்து.

இரண்டு வருஷமாக ஜிம்மில் இதைச் சொல்லிச் சொல்லியே பெரிய ஆளாகத் திரிந்தேன்.

நேற்று சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் எஸ்தரும் ஒருத்தி. பெண்பிள்ளை தூக்கலாமா என்று யாரோ முணுமுணுத்தார்கள். அவள் காதில் வாங்கவில்லை.

கல்லறையிலிருந்து திரும்பும்போது என்னிடம் சொன்னாள். "அன்னிக்கே நைனாவுக்குத் தெரியும்ண்ணா. நீ பேசறப்போ போன்ல பின்னாடி நம்ம மண்டி ஏலம் கேட்டுச்சாம்."

மறுநாளே வேலைக்கு லீவு போட்டுவிட்டு, அவளைத் திருப்பதிக்குக் கூட்டிப்போய் நிஜ டாக்டரிடமே கேட்டிருக்கிறார். அப்புறம்தான் கையெழுத்து. என்னிடம் சொல்லக்கூடாது என்றாராம்... "பையன் சந்தோஷமா கீறான், இருக்கட்டும்."

ஆக, ஏமாந்தவன் நான்தான். ஜிம் நண்பர்கள் மன்னிக்கவும்.

தாஸண்ணா... போய் வாங்க. அந்த "சரிங்க டாக்டர்" சொல்லும்போது சிரிப்பை எப்படி அடக்கினீங்க?