தொட்டில் கயிற்றின் சின்ன வளையம்

"அத்தை, நீங்க தூங்கிட்டா தொட்டிலை யாரு ஆட்டுவாங்க?"

ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி என்னிடம் கேட்ட கேள்வி இது. அன்று சிரித்தேன். இன்று அதை நினைத்தால் முதுகுத்தண்டு சில்லிட்டுப் போகிறது.

நம்பாதவர்கள் நம்பாமலே படிக்கட்டும். பொய் சொல்லி உங்களைப் பயமுறுத்தி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. தினமும் விளக்கேற்றிக் கடவுள் முன் கைகூப்புகிறவள் நான். பேய் நடுராத்திரியில்தான் வரும் என்பார்கள். எனக்கு நடந்ததெல்லாம் பட்டப்பகலில்.

அப்போது எனக்கு எட்டாவது மாதம். கணவர் சரக்குக் கப்பலில் வேலை. கப்பல் துறைமுகத்தைத் தொட்டால்தான் போன் வரும். எனக்குத் தாய் இல்லை. மாமியார் வேறு ஊரில் படுத்த படுக்கை. மாடியில் இரண்டு அறை வீட்டில் நானும் வயிற்றுப் பிள்ளையும் மட்டும். முந்தின வருடம் ஒரு கரு கலைந்தபோதும் தனியாகத்தான் இருந்தேன். இந்த முறை வலி வரும்போது பக்கத்தில் யார் இருப்பார்கள்? அந்த ஒரு பயம் என்னைத் தூங்கவிடவில்லை.

பயத்தை மறக்கக் கைக்கு வேலை கொடுத்தேன். பிள்ளைக்குப் புதிதாக எதுவும் வாங்குவதில்லை என்று முடிவு செய்தேன். மூன்று மாதம் போட்டுவிட்டு எறிகிற சட்டைக்கு எதற்குப் புதுத் துணி? என் பழைய பருத்திப் புடவைகளைக் கிழித்து, கொதிநீரில் அலசி, வெயிலில் காயவைத்து, அணைத்துணிகளாக மடித்தேன். பல முறை துவைத்த துணிதான் பிஞ்சுத் தோலுக்கு இதம். குளிப்பாட்டும் தொட்டி, பாலாடை, கம்பளிக் குல்லா எல்லாம் யார் யாரோ கொடுத்தவை. ஒரு பிள்ளையை வளர்த்த பொருளில் வளர்த்தவரின் அக்கறையும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பது என் நம்பிக்கை.

நான் வேலை பார்த்தது மூக்குக்கண்ணாடிக் கடையில். கூட வேலை செய்யும் அக்கா கேலி செய்வார்.

"எல்லாமே பழசு. பிள்ளையாச்சும் புதுசா, இல்ல அதுவும் யாராவது குடுத்ததா?"

தொட்டிலுக்கு வழி சொன்னதும் அந்த அக்காதான். அவர் வாடிக்கையாளர் ஒருவர் வீட்டில் நல்ல மரத்தொட்டில் சும்மா கிடக்கிறதாம். போய்ப் பார்த்தேன். இரண்டு மரக்கால்களுக்கு நடுவே இரும்புக் கொக்கிகளில் தொங்குகிற தொட்டில். ஒரு கீறல் இல்லை. அந்த வீட்டு அம்மா பணம் வேண்டாம் என்றார்.

"எடுத்துட்டுப் போனா போதும்மா."

அவசரமாகச் சொன்னார். தொட்டிலைத் தொடாமல் தள்ளியே நின்றார். அப்போதுதான் அவருடைய மகள் கதவோரம் வந்து அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"நான்தான் ஆட்டணும். அத்தை தூங்கவே மாட்டேன்," என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். "தூங்கிடுவீங்க. ஆனா பயப்படாதீங்க."

"உள்ள போய் விளையாடு!" அம்மாவின் குரல் சட்டென்று உயர்ந்தது.

தொட்டிலின் அடிக்கட்டையில் ஒரு துணிக்கயிறு கட்டியிருந்தது. கிழித்த துணிப் பட்டைகளை முறுக்கிப் பின்னிய கயிறு. கயிறு உரசி உரசி மரத்தில் வழவழப்பான பள்ளம் விழுந்திருந்தது. கயிற்றின் மறுநுனியில் ஒரு வளையம். என் விரல் இரண்டுகூட நுழையவில்லை. இவ்வளவு சின்ன வளையத்தில் யார் கையைக் கொடுத்து இழுப்பார்கள்? புரியவில்லை.

நல்ல கயிறு. தூக்கி எறிய மனம் வரவில்லை. துவைத்துக் காயவைத்து, அலமாரியில் அடுக்கிய அணைத்துணிகளை அதைக்கொண்டு கட்டிவைத்தேன். பூமாதிரி முடிச்சு. எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

மறுநாள் கடையிலிருந்து திரும்பினேன். அணைத்துணிகள் அடுக்கியபடியே இருந்தன. கயிறு இல்லை.

தொட்டிலின் அடிக்கட்டையில் கட்டியிருந்தது. அதே பள்ளத்தில். தட்டையான, இறுக்கமான முடிச்சு.

பிள்ளைத்தாய்ச்சிக்கு மறதி சகஜம் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். மறுபடி அவிழ்த்துத் துணிக்கட்டைக் கட்டினேன். இந்த முறை இரட்டை முடிச்சு.

அடுத்த நாள் மாலை... மறுபடியும் தொட்டிலில்.

வீட்டுச் சாவி என்னிடம் மட்டும்தான் இருந்தது.

அந்த வாரமே கீழ்வீட்டுத் தையல்காரர் என்னைப் படிக்கட்டில் மறித்தார். வாயில் குண்டூசிகளைக் கடித்துக்கொண்டே திட்டுவதில் கெட்டிக்காரர்.

"என்னம்மா, பிள்ளை பொறக்கறதுக்கு முன்னாடியே தாலாட்டா?"

"என்ன சொல்றீங்க அண்ணே?"

"மத்தியானம் பூரா க்ரீச் க்ரீச்சுன்னு ஒரே சத்தம். அந்த எரிச்சல்ல ஒரு ஜாக்கெட்டோட கழுத்தையே மாத்தி வெட்டிட்டேன். கொக்கிக்குக் கொஞ்சம் எண்ணெய் விட்டா குறைஞ்சா போயிடுவீங்க?"

"மத்தியானம் நான் கடையிலதானே இருக்கேன்!"

அவர் குண்டூசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்தார்.

"அப்ப மேல யாரு?"

வீட்டுக்குப் போய்க் கொக்கிகளுக்கு எண்ணெய் விட்டேன். வேறு என்ன செய்வது?

ஒரு நாள் மின்சாரம் இல்லாததால் கடையைச் சீக்கிரம் மூடினார்கள். மதியம் இரண்டரை மணி. படியேறிக்கொண்டிருந்தேன். பாதிப் படியில் கால் நின்றுவிட்டது.

க்ரீச்... க்ரீச்...

எண்ணெய் விட்டும் நிற்காத, நிதானமான சத்தம். கைக்குழந்தையைத் தூங்கவைக்கிற தாளம்.

கடவுளை நினைத்துக்கொண்டு கதவைத் திறந்தேன்.

தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. நான் பார்க்கப் பார்க்க மெல்ல வேகம் குறைந்தது. யாரோ அப்போதுதான் விட்டதுபோல். கயிறு தரையைத் தொட்டுக் கிடந்தது. ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. காற்று இல்லை.

கண்ணாடி வழியாக வெயில் தரை முழுக்க விழுந்திருந்தது. குனிந்து கை வைத்துப் பார்த்தேன். தரை சுட்டது. தொட்டிலுக்குப் பக்கத்தில் மட்டும்...

சில்லென்று இருந்தது.

கையை நகர்த்தினேன். இன்னும் சில்லென்று. இன்னும். எங்கே முடிகிறது என்று தடவிக்கொண்டே போனேன்.

ஓர் ஆள் படுத்திருக்கும் நீளம்.

அன்று எப்படித் தூங்கினேன் என்று கேட்காதீர்கள். காலையில் முடிவு செய்துவிட்டேன். தொட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கடைக்கு விடுப்பு சொன்னேன். தொட்டிலை எடுத்துப்போக ஆள் சொல்லிவைத்தேன். வெளியே கொட்டித் தீர்க்கிற மழை. மதியத்துக்குள் விடும் என்று காத்திருந்தேன். விடவில்லை. வானம் இருட்டி, பகலே மாலைபோல் ஆகிவிட்டது. மின்சாரமும் போனது.

தொட்டிலைக் கொக்கியிலிருந்து கழற்றக் குனிந்தேன்.

இடுப்பில் ஒரு வெட்டு வலி. கால்களுக்கிடையே வெந்நீர் இறங்கியது. பனிக்குடம் உடைந்துவிட்டது. இன்னும் மூன்று வாரம் இருக்கிறது என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

ஈரத்தில் கால் வழுக்கி விழுந்தேன். எழ முடியவில்லை. போன் சமையலறை மேடையில். "அண்ணே!" என்று கத்தினேன். மழைச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

எதற்குப் பயந்தேனோ அது வந்துவிட்டது. வலி. தனிமை. பக்கத்தில் யாருமில்லை.

அப்போது...

என் முகத்துக்கு நேரே கிடந்த கயிறு அசைந்தது.

நுனி மெல்லத் தரையில் ஊர்ந்தது. நின்றது.

விறைத்தது.

அந்தரத்தில் நேர்க்கோடாக நின்றது. வளையம் மட்டும் வட்டமாக விரிந்திருந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

க்ரீச்...

என் கன்னத்தருகே குளிர். ஈரத்தரையின் குளிர் அல்ல. வேறு.

க்ரீச்... க்ரீச்...

கண்ணை மூடினேன். சொன்னேன்:

"யாரா இருந்தாலும் சரி... என் பிள்ளையைக் காப்பாத்துங்க."

சத்தம் நின்றது.

ஒரு கணம்தான்.

பிறகு கயிறு வெடுக்கென்று இழுபட்டது. தொட்டில் ஓங்கிப் போய்ச் சுவரில் மோதியது.

தட்!

மறுபடியும். தட்! தட்! சுவர்ச் சுண்ணாம்பு உதிர்ந்து என் மேல் கொட்டியது.

கீழேயிருந்து கோலால் தளத்தை இடிக்கும் சத்தம். டக் டக். தையல்காரரின் கோபம். தொட்டில் விடவில்லை. தட்! தட்! தட்!

படிகளில் காலடிச் சத்தம்.

"ஆட்டுறதுக்கும் ஒரு அளவு இல்லையாம்மா? சுவரையே இடிச்சுடுவீங்க போல..."

கதவு திறந்தது. தரையில் கிடந்த என்னைப் பார்த்தார். அடுத்த நொடி மனைவியைக் கூப்பிட்டு வீடே அதிரக் கத்தினார்.

மாலையில் எனக்குப் பெண் பிறந்தாள். எடை கொஞ்சம் குறைவு. அழுகைக்குக் குறைவில்லை. இன்னும் அரைமணி தாமதித்திருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார் மருத்துவர். தையல்காரரின் மனைவி என் கையைக் கடைசிவரை விடவில்லை. பிறகு ஒரு நாள் தையல்காரரிடம் கேட்டேன்.

"அண்ணே, அன்னிக்குக் கதவை எப்படித் திறந்தீங்க?"

"சும்மா சாத்தித்தானே இருந்துச்சு?"

நான் உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தேன். தொட்டிலை எடுத்துப்போக ஆள் வரும்வரை திறப்பதில்லை என்று நானே போட்ட தாழ்ப்பாள்.

தொட்டிலைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மகளை அதில்தான் போட்டேன். பயம் இருந்தது. நன்றி அதைவிடப் பெரிதாக இருந்தது. மதிய வேளைகளில் களைப்பில் கண் அசந்துவிடுவேன். விழித்துப் பார்த்தால் தொட்டில் மெல்ல ஆடிக்கொண்டிருக்கும். நான் தூங்கிவிட்டேன். ஆட்டுகிறவர் தூங்கவில்லை.

மகளுக்குக் கழுத்து நின்றதும் அவளைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன்.

"அந்தக் கயிறு யாரோடதுங்க?" என்று கேட்டேன்.

அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு மெல்லச் சொன்னார். அவருக்கும் கணவருக்கும் வேலை. சின்ன மகனைப் பகலில் பார்த்துக்கொள்ள ஓர் அம்மாளை வைத்திருந்தார்கள். சொந்தபந்தம் என்று யாரும் இல்லாதவர். மூத்தவள் அவரைத் 'தொட்டிலம்மா' என்றுதான் கூப்பிடுவாள்.

"தரையில படுத்துக்கிட்டு, கயித்து வளையத்தைக் கால் கட்டைவிரல்ல மாட்டிக்கிட்டு ஆட்டுவாங்க. அசந்து தூங்கினாகூட அந்தக் கால் நிக்காது. 'தரை சில்லுன்னு இருக்கும்மா, ஒரு விரிப்பு இருந்தா தேவலை'ன்னாங்க. வாங்கணும் வாங்கணும்னே இருந்துட்டேன்..."

தரையைப் பார்த்தபடியே தொடர்ந்தார்.

"ஒரு நாள் சாயங்காலம் வந்து கதவைத் திறந்தோம். தொட்டில் ஆடிக்கிட்டு இருந்துச்சு. பையன் சுகமா தூங்கிட்டிருந்தான். அவங்க கீழ படுத்திருந்தாங்க. கால்ல கயிறு. கூப்பிட்டோம். எழுந்திருக்கல. டாக்டர் வந்து பார்த்துட்டு..."

"என்ன சொன்னார்?"

"காலையிலயே உயிர் போயிருச்சுன்னு சொன்னாரும்மா."

சிறுமி என் மகளின் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நான் சொன்னேன்ல அத்தை? தூங்கிட்டாலும் ஆட்டுவாங்க."

வீடு திரும்பினேன். அணைத்துணிக்குக் கிழித்தது போக மீதமிருந்த புடவைத் துண்டுகளை எடுத்து அடுக்கினேன். கீழே குப்பைக்குப் போகவிருந்த வெட்டுத்துணிகளையும் கேட்டு வாங்கி நடுவில் வைத்தேன். தையல்காரர் ஓரம் அடித்துக் கொடுத்தார்.

"பிள்ளைக்கு எதுக்கு இவ்வளவு நீளம்?"

"வீட்டுல இன்னொருத்தங்க இருக்காங்கண்ணே."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கூலி வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் மதியம். மகளைக் கட்டிலில் என் தலையணைக்குப் பக்கத்தில் படுக்கவைத்தேன். தொட்டிலுக்குக் கீழே விரிப்பைப் போட்டு, மடிப்பு நீவி, தலைமாட்டில் ஒரு சின்னத் தலையணை வைத்தேன். கதவைச் சாத்தினேன். அறையில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை.

கயிறு மெல்ல விறைத்தது. காலித் தொட்டில் ஆடியது.

க்ரீச்...

பக்கத்தில் உட்கார்ந்தேன். குளிர் முழங்காலில் பட்டது. நகரவில்லை.

"போதும்மா," என்றேன். "இனி நான் பார்த்துக்கறேன். நீங்க தூங்குங்க."

கையை நீட்டி, பிள்ளையைத் தட்டுவதுபோல் விரிப்பைத் தட்டிக்கொடுத்தேன். பிரார்த்தனை செய்தேன். தட்டிக்கொண்டே இருந்தேன். எப்போது கண் அசந்தேன் என்று தெரியாது.

மகளின் அழுகை கேட்டு விழித்தேன். வெயில் இறங்கிவிட்டிருந்தது. தொட்டில் அசையாமல் நின்றது.

அடிக்கட்டையில் கயிறு இல்லை.

அலமாரியைப் பார்த்தேன். அணைத்துணிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அந்தக் கயிற்றால் கட்டியிருந்தன. தட்டையான, இறுக்கமான முடிச்சு.

விரிப்பில் ஓர் ஆள் நீளத்துக்குப் பள்ளம். தொட்டுப் பார்த்தேன்.

வெதுவெதுப்பாக இருந்தது.