அடியெடுத்துக் கொடுக்கும் யோசப்பின்

என் மனைவி யோசப்பினுக்கு ஜெர்மன்காரரின் டொச்சைவிடத் துருக்கி மொழிதான் நன்றாக வரும். வுப்பர்டால் நகரத்துக்கு வந்த புதிதில் ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் லோண்டரியில் வேலைக்குப் போனாள். அங்கே மேற்பார்வையாளராக இருந்தவர் துருக்கியரான ஜெமால். அவளுக்கு விண்ணப்பப் பாரம் நிரப்பிக் கொடுத்ததும் அவர்தான், டெர்மின் என்று கந்தோர்கள் கூப்பிட்ட நாளெல்லாம் கூட அலைந்ததும் அவர்தான். நானோ அப்போது வேறு நகரத்தில் அகதி முகாமில் அடைபட்டுக் கிடந்தேன். அந்த மனுசனுக்கு எத்தனை நன்றி சொன்னாலும் எனக்குப் போதாது.

ஆனால் அவளை நாடகத்துக்கு இழுத்ததில் மட்டும் எனக்குக் கோபம். துருக்கி நாடகக் குழு ஒன்றில் ஜெமால் நடிக்கிறார். யோசப்பின் திரைக்குப் பின்னால் வசனக் கொப்பியோடு இருந்து, வசனம் மறந்தவர்களுக்கு அடியெடுத்துக் கொடுப்பாள். ஞாயிறு முழுக்க ஒத்திகை.

"பூசை முடிஞ்சு வந்தால் வீட்டில சோறில்லை" என்று கத்துவேன்.

"அரிசி இருக்கு, அடுப்பு இருக்கு. உங்களுக்குக் கையில்லையோ?" என்பாள்.

இந்த வருட நாடகம் யார் வீரன் என்பதைப் பற்றியது. காயப்பட்ட தோழனைப் போர்க்களத்திலிருந்து தூக்கிவந்தவன் என்று ஒருவனை ஊரே கொண்டாடுகிறது, சிலையும் வைக்கிறது. தோழன் செத்துப்போனான். கடைசிக் காட்சியில் இவன் உண்மையைச் சொல்ல வேண்டும். இவனாக நடிப்பவர்தான் ஜெமால்.

போன மாரியில் ஜெமாலுக்குப் பக்கவாதம் வந்து தேறியது. அதற்குப் பிறகு சொற்கள் நழுவின. இயக்குநர் நெர்மின் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: முதல் நாள் தடுமாறினால் அடுத்த மேடையேற்றத்துக்கு வேறு ஆள். மனைவியும் போய்ச் சேர்ந்த மனுசனுக்கு அந்த மேடையைவிட்டால் வேறென்ன இருக்கிறது? யோசப்பினுக்கு ஒரு கிழமையாகச் சாப்பாடு இறங்கவில்லை.

முதல் நாள் நானும் போனேன். கடைசிக் காட்சிவரை ஒரு பிசகும் இல்லை. பிறகு ஜெமால் வாயைத் திறந்தார், அப்படியே நின்றுவிட்டார். உள்ளேயிருந்து யோசப்பின் அடியெடுத்துக் கொடுத்தது முன்வரிசையில் இருந்த எனக்கே கேட்டது. காது மந்தமான அவருக்குக் கேட்கவில்லை. சரி, மனுசன் தொலைந்தார் என்று நினைத்தேன்.

அப்போது அவள் செய்ததை எங்கள் மன்னார்ச் சனம்தான் செய்யும். எங்கள் கூத்தில் கொப்பி பார்ப்பவர் ஒளிந்திருப்பதில்லை. மேடையிலேயே ஆடுபவருக்குப் பின்னால் நின்று அடியெடுத்துக் கொடுப்பார். அதை யாரும் குறையாக நினைப்பதுமில்லை. யோசப்பின் தன் பழைய கம்பளிச் சட்டையோடு விறுவிறென்று மேடைக்கு வந்து, ஜெமாலின் தோளருகே நின்று, சபை முழுக்கக் கேட்கத் துருக்கியில் சொன்னாள். வீட்டில் நூறு தடவை சொல்லிச் சொல்லி எனக்கும் பாடமான வசனம்:

"நான் அவனைத் தூக்கிவரவில்லை. அவன்தான் என்னைத் தூக்கிவந்தான்."

ஜெமால் திரும்பினார். அவளைப் பார்த்தபடியே அதைச் சொன்னார். மிச்சம் தானாக வந்தது.

திரை மூடியதும் நெர்மின் வந்து, உன்னை யார் வரச் சொன்னது என்று, நான் பக்கத்தில் நின்றதால் டொச்சில் கேட்டாள். எங்கள் ஊரில் இப்படித்தான், ஆள் தடுமாறினால் பக்கத்தில் போய் நிற்போம் என்றாள் யோசப்பின். நெர்மின் ஜெமாலைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"அப்படியென்றால் இனி ஒவ்வொரு முறையும் வந்து நில். ஜெமால்தான் நடிக்கிறார்."

ஜெமால் யோசப்பினின் கையை எடுத்து முத்தமிட்டு, தன் நெற்றியில் ஒற்றிக்கொண்டார். துருக்கியரில் இளையவர்கள்தான் மூத்தவருக்கு அப்படிச் செய்வார்கள். அவருக்கு எழுபத்தொரு வயது, இவளுக்கு ஐம்பத்தாறு.

"ஐயோ அண்ணை, விடுங்கோ" என்று தமிழில் சொல்லி அழுதாள் என் மனைவி.