சிவந்த ஆரத்தி

2006 தேர்தலில் எங்கள் சின்னஞ்சிறு சுற்றுச்சூழல் கட்சிக்கு நான்தான் வேட்பாளர். கழிவைக் கொட்டும் கம்பெனியை மூடவைப்போம் என்று சொல்லி, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டிய ஊரில் ஓட்டுக் கேட்டோம்.

ஒரு பெண் ஆரத்தி எடுத்தாள். எனக்கு யாரும் எடுத்ததே இல்லை. பூரித்துப்போய், "சுண்ணாம்பு தூக்கலோ, இப்படிச் சிவந்திருக்கே?" என்றேன்.

"மஞ்சளும் போடல, சுண்ணாம்பும் போடலண்ணா. எங்க போரு தண்ணியே இந்தக் கலருதான்."

என் சிரிப்பு நின்றுவிட்டது. "அப்ப எங்களுக்கு ஓட்டுப் போடும்மா."

"முடியாதுண்ணா. ஊட்டுக்காரரு அந்தக் கம்பெனிக்குத்தான் வேலைக்குப் போறாரு. மூடிட்டா இன்னாத்த துன்றது? எங்களுக்கோசரம் வெயில்ல சுத்திக்கினு வந்தீங்களே, அதான் எடுத்தேன்."

அந்தத் தண்ணீரைத் தொட்டு என் நெற்றியில் பொட்டு வைத்தாள்.

டெபாசிட் போனதுகூட மறந்துவிட்டது. அன்று முழுக்க வியர்வையைத் துடைத்தபோதெல்லாம் பொட்டு அழியாதபடி நெற்றியை மட்டும் தொடாமல் விட்டது மறக்கவில்லை.