வெண்கரையிலிருந்து வந்த பதில்

ஜஹனாரா டிரங்க் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகச் சேர்ந்தபோது அவளுக்கு இருபது வயது. மீர்சாகிப்பேட்டையில் அவர்கள் குடும்பத்துப் பெண்களில் முதலில் உத்தியோகத்துக்குப் போனவள் அவள். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மதுரைக்கும் பம்பாய்க்கும் கால் புக் செய்தவர்களை ஒவ்வொருவராக இணைத்துவிடுவதுதான் வேலை. ஒவ்வொரு காலுக்கும் ஒரு டிக்கெட் எழுதவேண்டும். யார் கேட்டது, எந்த ஊர், எப்போது கேட்டது, எப்போது கிடைத்தது எல்லாம் அந்தத் துண்டுச் சீட்டில் இருக்கும்.

சேர்ந்த ஆறாவது மாதம் ஒரு தப்பு செய்தாள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் திருநெல்வேலிக்கு கால் கேட்டிருந்தார்கள். ஒருவருக்குச் சொல்லவேண்டிய "பார்ட்டி பேச இஷ்டமில்லன்னு சொல்லிட்டாங்க" என்ற பதிலை இன்னொருவருக்குச் சொல்லிவிட்டாள். அவரோ மகளின் மாமியார் வீட்டுக்குப் பேசக் காத்திருந்தவர். சூப்பர்வைசர் அம்மா கண்டுபிடித்து, ஒரு மணி நேரத்துக்குள் சரிசெய்யவைத்தார். ஆனால் அந்த ஒரு மணி நேரம் அந்த மனிதர் என்ன பாடு பட்டிருப்பார் என்பது ஜஹனாராவுக்கு மறக்கவேயில்லை. அதற்குப் பிறகு சீட்டில் நேரத்தைப் பார்க்காமல் யாருக்கும் எந்தப் பதிலும் அவள் சொன்னதில்லை.

படிக்கும் பழக்கம் பஸ்ஸில் வந்தது. மந்தைவெளியில் ராஜரத்தினம் வைத்திருந்த வாடகை நூல்நிலையத்தில் மாதச் சந்தா கட்டி, கையில் கிடைத்ததையெல்லாம் படித்தாள். அங்கேதான் 'வெண்கரை' வரிசை கிடைத்தது. அறுபதுகளில் வாரப்பத்திரிகையில் தொடராக வந்து, பிறகு ஐந்து பாகமாகப் புத்தகமான விஞ்ஞானக் கதை. பூமியிலிருந்து வெகு தூரத்தில், வெண்கரை என்ற இடத்தில் மனிதர்கள் போய்க் குடியேறுகிறார்கள். அங்கிருந்து ஒரு செய்தி பூமிக்கு வந்துசேர ஒன்பது நாள் ஆகும். பூமியிலிருந்து போகவும் அதே ஒன்பது நாள். இந்த ஒரு விதியை முதல் பாகத்தின் முதல் பக்கத்திலேயே ஆசிரியர் சொல்லிவிடுவார். ஜஹனாரா அந்த ஐந்து பாகங்களையும் எட்டுத் தடவையாவது படித்திருப்பாள்.

தொண்ணூற்று நாலில் ராஜரத்தினம் நூல்நிலைய மாடியில் ஒரு வாசகர் கூட்டம் ஆரம்பித்தார். மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமை, சாயந்தரம் நாலு மணி. ஐந்து பாகங்களையும் ஒரு தி.நகர் பதிப்பகம் மறுபடி அச்சிடப்போகிறது, அதற்காக ஒவ்வொரு பாகத்தையும் கூடிப் பேசலாம் என்றார்.

"நீ வாம்மா. உன்ன மாதிரி இந்த புக்க திருப்பித் திருப்பி எடுத்துக்கினு போனவங்க யாரு கீறாங்க? கார்டுல பாதி உன் பேருதான் கீது" என்று அவர் கூப்பிட்டபோது ஜஹனாராவுக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் போனாள்.

கூட்டத்தில் இருபது பேர் இருப்பார்கள். முன்வரிசை வேதாந்தம் என்பவருடையது. கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர். மயிலாப்பூர்க்காரர். மறுபதிப்புக்குப் பதிப்பாசிரியரும் அவரே. அவருக்குப் பக்கத்தில் ஜலஜா. மந்தைவெளியில் குழந்தைகளுக்குப் பாட்டு சொல்லித்தருபவர். வேதாந்தம் எதைச் சொன்னாலும் மறுத்துப் பேச ஒருவர் வேண்டுமே, அது ஜலஜாதான். ஜஹனாரா ஜன்னலோரம் பின்னால் உட்கார்ந்து மூன்று மாதம் வாய் திறக்கவில்லை. வீட்டுக்குப் போய்க் கணவர் ஷாஹுல் ஹமீதிடம்தான் எல்லாவற்றையும் பேசுவாள். பாண்டி பஜாரில் தையல்கடை வைத்திருந்த அவர் ஒரு பாகத்தைக்கூடப் படித்ததில்லை. ஆனால் கதையில் வரும் திருமாறன் யார், மங்கை யார் என்று அவருக்கு மனப்பாடம்.

நாலாம் பாகத்துக்கு வந்த மாதம் மாடியில் ஒரே சத்தம். அந்தப் பாகத்தின் முடிவு இருபத்தைந்து வருஷமாக எல்லா வாசகர்களையும் அடித்துக்கொள்ளவைத்த முடிவு. வெண்கரையின் தலைவன் திருமாறன். அவன் மனைவி மங்கை பூமியில் இருக்கிறாள். பதினெட்டாம் தேதி அவள் ஒரு செய்தி அனுப்புகிறாள்: 'நான் உங்களுக்காகக் காத்திருக்கட்டுமா?' பத்தொன்பதாம் தேதி செய்தி நிலையத்துக் குமாஸ்தா ஒரு தாளைக் கொண்டுவந்து, "பதில் வந்திருக்கிறது" என்று நீட்டுகிறான். அதில் ஒரே வார்த்தை. 'வேண்டாம்.' மங்கை வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விடுகிறாள்.

"கல்நெஞ்சன்" என்றார் ஜலஜா. "பதினாலு வருஷம் காத்துண்டிருந்தவளுக்கு ஒத்த வார்த்தையா? அவன் தலைவனா இருந்தா என்ன, நேக்கு அவனைப் பிடிக்கவே பிடிக்காது."

"அவனுக்குக் கடமைதான் பெரிசு. அதான் அந்த நாவலோட உயரம்" என்றார் வேதாந்தம். "ஆனா ஆசிரியர் ஒரு இடத்துல சறுக்கிட்டார். ஒம்பது நாள் போக, ஒம்பது நாள் வர. பதில் பதினெட்டு நாள் கழிச்சுன்னா வரணும்? மறுநாளே வந்துடறது. தொடர்கதை எழுதற அவசரத்துல மறந்துட்டார். அதைக் குறிப்புல சொல்லிடப்போறேன். அப்புறம் அஞ்சாம் பாகத்து முதல் பக்கத்துல ஒரு அச்சுப்பிழை இருக்கு. 'பூட்டிய வீட்டின் வாசலில் ஒரு சொல்லோடு ஒரு தாள் கிடந்தது: ஆம்' அப்படின்னு ஒரு வரி. முன்னுக்கும் பின்னுக்கும் சம்பந்தமே இல்லை. அதை அடிச்சுட்டேன்." புரூஃபைத் தூக்கிக் காட்டினார். அந்த வரிமேல் சிவப்புப் பென்சில் கோடு.

ஜஹனாரா அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்தாள். தான் எழுந்து நின்றதே அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது.

"சார், அது அச்சுப்பிழை இல்ல சார். அதான் பதில்."

இருபது தலைகளும் திரும்பின. "எதுக்குப் பதில்?" என்றார் வேதாந்தம்.

"காத்திருக்கட்டுமான்னு கேட்டாங்க இல்ல, அதுக்கு. 'வேண்டாம்'னு வந்தது வேற கேள்விக்கு சார். டிக்கெட் மாறிப்போச்சு."

யாரோ சிரித்தார்கள். வேதாந்தம் சிரிக்கவில்லை. ஆனால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அம்மா, நீங்க ரசிச்சுப் படிக்கறேள், சந்தோஷம். ஆனா பதிப்புன்னா ஆதாரம் வேணும். அடுத்த மாசம் புரூஃப் பிரஸ்ஸுக்குப் போறது. அதுக்குள்ள காட்ட முடிஞ்சா காட்டுங்கோ" என்றார்.

அன்று இருபத்தொன்றாம் நம்பர் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தாள். வீட்டில் ஷாஹுல் ஹமீது முகத்தைப் பார்த்ததும் கேட்டார்: "இன்னா ஆச்சு?"

"எல்லார் முன்னாடியும் வாயத் தொறந்துட்டேன்."

"தொறந்தது தொறந்துட்ட. நீ சொன்னது சரியா, தப்பா?"

"சரி."

"அப்போ காட்டு."

மறுநாளே அவள் வேலையை ஆரம்பித்தாள். கணவர் கடையிலிருந்து துணி சுற்றி வந்த அட்டைகளைக் கொண்டுவந்து ஒரே அளவில் வெட்டிக்கொடுத்தார். ஐந்து பாகங்களிலும் எத்தனை செய்திகள் பூமிக்கும் வெண்கரைக்கும் போய்வருகின்றனவோ, அத்தனைக்கும் ஒரு டிக்கெட் எழுதினாள். யார் அனுப்பியது, என்ன கேட்டது, என்றைக்குக் கிளம்பியது, என்றைக்குச் சேர்ந்தது. பத்தாவது படித்துக்கொண்டிருந்த மகள் இஃப்ரா பக்க எண்களைச் சரிபார்த்தாள். வெள்ளிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் சமையலை நாத்தனார் பார்த்துக்கொண்டாள். மூன்று வாரத்தில் நூற்று அறுபத்துமூன்று அட்டைகள் சேர்ந்தன.

அடுத்த கூட்டத்துக்கு ஷாஹுல் ஹமீது கடையை ஒரு மணி நேரம் முன்னதாகவே பூட்டிவிட்டு அவளோடு வந்தார். அட்டைகள் இருந்த பையை அவர்தான் தூக்கிவந்தார். ராஜரத்தினம் இரண்டு மேஜைகளைச் சேர்த்துப்போட்டார். ஜஹனாரா அட்டைகளைத் தேதிவாரியாக அடுக்கினாள். பிறகு, எக்ஸ்சேஞ்சில் போர்டுக்கு முன்னால் உட்கார்ந்ததும் வருமே ஒரு குரல், அது வந்துவிட்டது. தெளிவாக, அவசரமில்லாமல்.

"சார், ஒண்ணாந்தேதி மங்கை ஒரு கேள்வி அனுப்பறாங்க. 'தோட்டத்துக் கிணத்தை மூடிவிடட்டுமா?' நாப்பது பக்கம் முன்னாடி வருது, யாருக்கும் ஞாபகம் இருக்காது. அது பத்தாந்தேதி வெண்கரைக்குப் போய்ச் சேருது. திருமாறன் அன்னிக்கே பதில் போடறாரு. அது பத்தொம்பதாந்தேதி பூமிக்கு வருது. 'வேண்டாம்.' கிணத்த மூடவேணாம்னுதான் சார் சொல்லியிருக்காரு."

ஜலஜா மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

"காத்திருக்கட்டுமான்னு கேட்டது பதினெட்டாந்தேதி. அது இருபத்தேழாந்தேதி அவருக்குக் கிடைக்குது. அன்னிக்கே பதில் போட்டா எப்போ வரும்? அது முப்பது நாள் மாசம், அடுத்த மாசம் ஆறாந்தேதி. அஞ்சாம் பாகம் எந்தத் தேதியில ஆரம்பிக்குது சார்?"

வேதாந்தம் புரூஃபைப் புரட்டவில்லை. அவருக்குத் தெரியும். "ஆறாந்தேதி" என்றார் மெதுவாக.

"மங்கை ரெண்டாந்தேதியே வீட்டப் பூட்டிட்டுப் போயிட்டாங்க. பூட்டின வீட்டு வாசல்ல 'ஆம்'னு வந்து நிக்குது சார்."

வேதாந்தம் எழுந்து வந்து அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். பத்து நிமிஷம், இருபது நிமிஷம். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து ஒரு தாளில் கணக்குப் போட்டார்.

"மத்த செய்தியெல்லாம்?" என்று கேட்டார்.

"நூத்தி அறுபத்துமூணும் பாத்துட்டேன் சார். ஒண்ணுல கூட ஒரு நாள் பிசகல. எழுதின மனுஷர் எங்கயும் மறக்கல."

"ஆனா மங்கைக்கு ஒம்பது நாள் கணக்குத் தெரியுமே?" என்று ஜலஜா கேட்டார். "அவளுக்கு எப்படித் தோணாமப் போச்சு?"

"காத்துக்கினு இருக்கறவங்க தேதி பாக்கமாட்டாங்க மேடம். குமாஸ்தா 'பதில் வந்திருக்கு'ன்னு நீட்டறான், கை பட்டுனு வாங்கிடும். எது எந்தக் கேள்விக்குப் பதில்னு பாத்துக் குடுக்கவேண்டியது அவன் வேல. அவன் பாக்கல. நானும் ஒரு தடவ பாக்காம குடுத்திருக்கேன். அதனாலதான் எனக்குத் தெரிஞ்சுது."

வேதாந்தம் சிவப்புக்கோடு போட்ட பக்கத்தை எடுத்தார். ஓரத்தில் 'இருக்கட்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு அவர் சொன்னதை அன்று வந்திருந்த எல்லோரும் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். "முப்பது வருஷம் பௌதிகம் சொல்லிக்குடுத்தேன். ஆசிரியர் தப்புப் பண்ணிட்டார்னு நெனச்சேனே தவிர, நான் சரியாப் படிக்கலைன்னு ஒரு நாளும் தோணலை. இந்தம்மா படிச்சிருக்கா." ஜஹனாராவைப் பார்த்து, "நீங்க முன்னாடி வந்து உக்காருங்கோ" என்றார்.

ஷாஹுல் ஹமீது அதுவரை மாடிப்படிப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். முன்வரிசையில் காலியாக இருந்த நாற்காலியைத் தன் கைக்குட்டையால் தட்டித் துடைத்துவிட்டு, மனைவியை உட்காரச் சொன்னார்.

மறுபதிப்பு தொண்ணூற்றைந்து ஜூனில் வந்தது. ஐந்தாம் பாகத்தின் முதல் பக்கத்தில் அந்த வரி அப்படியே இருந்தது. நாலாம் பாகத்தின் கடைசியில் அவளே எழுதிய இரண்டு பக்கக் குறிப்பு. 'வாசகர் ஜஹனாரா, டெலிபோன் ஆபரேட்டர், சென்னை' என்று தொடங்கியது. டெலிபோன் ஆபரேட்டர் என்பதைப் போடவேண்டும் என்று கேட்டு வாங்கியது அவள்தான். ஷாஹுல் ஹமீது அந்தப் பக்கத்தைத் திறந்தபடி கடை மேஜையில் வைத்திருந்தார். பிளவுஸ் அளவு கொடுக்க வந்த பெண்கள் படித்தாகவேண்டியிருந்தது. எக்ஸ்சேஞ்சில் ஒரு பிரதி எல்லா ஷிஃப்டுக்கும் கைமாறி, ஓரம் மடங்கித் திரும்பி வந்தது. சூப்பர்வைசர் அம்மா ஓய்வுபெற்று பெசன்ட் நகரில் இருந்தார். அவருக்கு ஜஹனாரா நேரில் போய் ஒரு பிரதி கொடுத்தாள். அவர் குறிப்பை முழுதும் படித்துவிட்டு, "அந்தத் திருநெல்வேலி கால்தானே?" என்று கேட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஜலஜா மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. "ஆம்னுதான் சொன்னான், சரி. அதையும் ஒத்த வார்த்தையில சொல்லுவானா? கஞ்சன்" என்பார். இரண்டு பேரும் கூட்டம் முடிந்து பஸ் ஸ்டாப்பில் நின்றும் அதையே பேசுவார்கள். இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறுவார்கள்.

செப்டம்பரில் பதிப்பகத்திலிருந்து ஒரு கவர் வந்தது. உள்ளே அசோக் நகரிலிருந்து ஒரு வாசகர் எழுதிய நாலு பக்கக் கடிதம். 'தங்கள் குறிப்பின் முதல் பாதியை ஏற்கிறேன். ஆனால் கிணறு பற்றிய தங்கள் கருத்தோடு உடன்படவில்லை' என்று ஆரம்பித்து, மூன்று காரணங்கள் எழுதியிருந்தார். ஜஹனாரா அதைச் சமையற்கட்டில் நின்றபடியே படித்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"ஏங்க, இங்க வாங்க. ஒருத்தர் நாலு பக்கம் எழுதி என்னை மறுத்திருக்காரு."

"மறுத்ததுக்கா இப்படிச் சிரிக்கற?"

"பின்ன? என் கருத்த ஒருத்தர் உக்காந்து படிச்சு, யோசிச்சு மறுக்கறாரு பாருங்க. சும்மா இல்ல."

அடுப்பை அணைத்தாள். இஃப்ராவிடம் ரூல் போட்ட தாள் நாலு வாங்கிக்கொண்டு, நாலாம் பாகத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, 'அன்புள்ள ஐயா, தங்கள் இரண்டாவது காரணம் நல்ல காரணம்' என்று பதில் எழுத உட்கார்ந்தாள்.