ராஜாவின் இருமல்

எங்கள் சுரங்கக் குடியிருப்பில், பக்கத்து லைன் வீட்டுக்காரர்களின் கூத்தை எங்கள் கூத்தில் கேலி செய்தபோது, அவர்களுடைய ராஜா வேஷக்காரரின் இருமலையும் சேர்த்து நடித்தேன். அது சுரங்கத் தூசியால் வந்த இருமல் என்று தெரிந்தே செய்தேன். சனம் விழுந்து விழுந்து சிரித்தது.

மறுநாள் ஷிப்டுக்குப் போனபோதுதான் உறைத்தது. சுரங்கத்துக்குள் எங்கள் கூண்டை இறக்க மணியடிப்பவர் அந்த ராஜா வேஷக்காரர்தான். மணி பிசகினால் அத்தனை பேரும் பாதாளத்தில். கூண்டு வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"இன்னா கோமாளி, கேஜுல ஏறுடா. நேத்து நல்லாத்தான் இருமுனே" என்றார் அவர், மணிக் கயிற்றில் கை வைத்தபடி.

தரை தட்டும்வரை கண்ணைத் திறக்கவில்லை. பத்திரமாகவே இறங்கினோம்.

அடுத்த கூத்தில், கோமாளி வேஷத்தோடேயே, பார்க்க வந்திருந்த அவரிடம் சபை நடுவில் மன்னிப்புக் கேட்டேன். அதையும் கேலி என்று நினைத்துச் சனம் சிரித்தது. அவர் எழுந்து போனார். பிறகு அவர் வேஷமே கட்டவில்லை.